கேட்டுப் பழகும் கிற்றார்

கோவலன் கூத்துப் பாட்டுக்களை முல்லைத்தீவார் சுரக் குறிப்பைப் பார்த்தா கற்றனர்? அண்ணாவியார் பாட, கேட்டுக் கேட்டன்றோ கற்றனர்! வற்றாப்பளையில் இன்று கிற்றார் பழக விரும்பும் இளைஞருக்கும் நாம் அவ்வழியையே சொல்வோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரில் பிறந்த 'புளூஸ்' இசையும் செவிவழியே வளர்ந்தது. 1903ஆம் ஆண்டளவில், மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் புகையிரத நிலையத்தில், கந்தலணிந்த ஒருவர் கிற்றார்த் தந்திமேல் கத்தியை வழுக்கி வாசித்து, ஒரே அடியை மும்முறை பாடக் கேட்டு வியந்தார் இசைக்கலைஞர் டபிள்யூ. சி. ஹண்டி.

இவ்விசையின் அமைப்பு எளிது. நந்நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு ஆவர்த்தனம், பெரும்பாலும் மூன்றே சுரக்கூட்டுகள், மூன்று அடிகள். முதலடியை மீண்டும் பாடி, மூன்றாமடியில் விடை கூறுவர். அடிதோறும் குரல் ஓய்ந்ததும் கிற்றார் மறுமொழி சொல்லும். அழுத்திய தந்தியை விரலால் வளைத்தால், நம் கமகம் போன்றதொரு குழைவு பிறக்கும்.

ஆகவே இளைஞரே, விரல்வேகத்தை நாடாதீர்! முதலில் ஓரடியைப் பாடுங்கள். பின்னர் அதனைத் தந்தியில் தேடுங்கள். 2009இல் போரின் முடிவில் பெருந்துயர் கண்ட இம்மண்ணில் பாடுதற்குப் பொருளா இல்லை? வாத்தியம் பிறநாட்டதாயினும் பாட்டு நம்முடையதாகட்டும்.