மேஸ்திரியும் ஒரு வாளித் தண்ணீரும்

அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்து, "பத்தே நாள் சார்!" என்றார். எந்தப் பத்து நாள் என்று கேட்டிருக்க வேண்டும்.

பாதிப் பணம் அட்வான்ஸ். மறுநாளே மளமளவென்று இடித்தார்கள். அதற்கப்புறம் மேஸ்திரி சொந்தத்தில் வரிசையாகக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி. 22 நாள் கீழ்வீட்டு மாமி தயவில் குளித்தோம். அம்மா ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்குவதைப் பார்க்க முடியவில்லை.

ஒருவழியாக டைல்ஸ் பளபளத்தது. மேஸ்திரி கையை நீட்டினார். எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அது ஜாலியை மதிக்காமல் நேரே ஹாலுக்கு நடந்தது.

"காஞ்சா சரியாயிடும் சார்!"

மிச்சப் பணம் என் பையில் இருந்ததால், இரண்டே நாளில் தரையைப் பெயர்த்து வாட்டம் சரிசெய்தார்.

ஆகவே நண்பர்களே, வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். டைல்ஸ் ஒட்டுமுன் 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டில் கசிகிறதா பாருங்கள். கடைசித் தவணை, வாளித் தண்ணீர் ஒழுங்காகப் போன பிறகுதான்.

புது டாய்லெட்டை அம்மா பார்த்தாள். "பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி வைக்கலையேடா?"

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். சொந்தத்தில் கல்யாணமாம்.