ரேகை வைத்தவருக்கு முடிவு தெரிய வேண்டாமா?

தமிழ்நாட்டில் 2017இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 800 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு அது. பங்கேற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் உழைத்தவர்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் இவர்களிடம் இரு மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. 2024இல் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் அதைப் பேசின. இனி பருவநிலை மாற்றம் குறித்த கருத்தரங்குகளிலும் அது மேற்கோளாக வலம்வரும்.

வயலில் களை எடுக்கும் பெண்ணுக்கு அது எந்த வழியில் போய்ச் சேரும்? இந்தக் கேள்வி அந்த ஒரு குழுவுக்கானது அல்ல; நம் மருத்துவ ஆய்வு நடைமுறை முழுவதற்குமானது.

ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது தமிழ் கட்டாயம். ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் விளக்கி ரேகை வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவும் அந்தப் படிவத்தை வரிக்கு வரி பார்க்கும். ஆனால், ஆய்வு முடிந்ததும் தமிழின் வேலையும் முடிந்துவிடுகிறது. கட்டுரை ஆங்கிலத்தில் வரும். பல நேரம் சந்தா கட்டினால்தான் திறக்கும். பங்கேற்றவர்களுக்கு ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்லத்தான் செய்கிறது. அந்த வரிக்குக் காவல் இல்லை. ரத்தம் எடுக்கும்போது காட்டுகிற கண்டிப்பில் பாதியைக்கூட முடிவைத் திருப்பித் தருவதில் நாம் காட்டுவதில்லை.

இது மரியாதை தொடர்பான சிக்கல் மட்டும் அல்ல. இதே குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர், பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. உப்பளத்தில் நிழல் கிடையாது. தரையின் வெள்ளை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வேலை முடியும்வரை சிறுநீரை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால் ‘உடம்புச் சூடு’ என்று மோரைக் குடித்துவிட்டு, மறுநாளும் உப்பு வாரப் போகிறார்கள். தன் உடம்பின் பலவீனம் என்று ஒரு பெண் நினைத்திருப்பது, அளத்தில் கழிப்பறை கட்டாததன் விளைவாக இருக்கலாம். அவரிடம் இதைச் சொன்னால், அடுத்த கூலிப் பேச்சில் கழிப்பறையும் இடம்பெறக்கூடும். சொல்லாவிட்டால் மோர்தான்.

ஆனால், எப்படிச் சொல்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நான்கு பக்கக் கட்டுரையை ஒரு துண்டறிக்கையாகச் சுருக்கி, ‘நண்பகல் வெயிலைத் தவிர்ப்பீர், நிறையத் தண்ணீர் அருந்துவீர்’ என்று அச்சிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்ததாக நினைப்பு. நண்பகல் வெயிலைத் தவிர்க்கும் அதிகாரம் கூலித் தொழிலாளியிடம் இருந்திருந்தால் இந்த ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

எண்களைச் சொல்வதிலும் பொறுப்பு வேண்டும். ‘ஆபத்து இரு மடங்கு’ என்பது தலைப்புச் செய்திக்கு ஏற்ற வாக்கியம். கர்ப்பிணியின் காதில் அது இடியாக விழும். கருச்சிதைவைப் பொறுத்தவரை அந்த ஆய்வு கண்டது இதுதான்: வெப்பத்தில் வேலை செய்த 100 கர்ப்பிணிகளில் சுமார் 5 பேருக்குக் கரு கலைந்தது, மற்றவர்களில் 100க்கு சுமார் 2 பேருக்கு. இப்படிச் சொன்னால் அச்சமும் அளவோடு இருக்கும், நியாயமும் தெரியும். கூடுதலான அந்த மூன்று பேரின் இழப்பைத் தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வியும் தானாக எழும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. ‘இரு மடங்கு’ என்ற செய்தி மேஸ்திரியின் காதில் மட்டும் விழுந்தால், அவர் பந்தல் போட மாட்டார். கர்ப்பிணியிடம் ‘வேலைக்கு வராதே’ என்பார். கூலி போகும், வெப்பம் அப்படியே இருக்கும். எனவே முடிவைச் சொல்லும் அதே மூச்சில், கர்ப்பிணிக்கு உரிமையானவற்றையும் சொல்லியாக வேண்டும். பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமே எழுதிவைத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆய்வு முடிவு இவற்றோடு சேரும்போதுதான் மனு எழுதவாவது உதவும்.

முடிவை மக்களிடம் கொண்டுசேர்த்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் 1980களின் இறுதியில் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தனர். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. ‘லான்செட்’ இதழ் 1989இல் அதை வெளியிட்டது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. பெண்களின் நலம் பற்றிய பேச்சைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பச்சிளம் குழந்தைகளின் இறப்பைக் குறைக்கும் பயிற்சியை, அதிகம் படிக்காத ஊர்ப் பெண்களுக்கே கொடுத்தார்கள். 1993-95இல் ஆயிரத்துக்கு 62ஆக இருந்த பச்சிளம் குழந்தை இறப்பு, அடுத்த சில ஆண்டுகளில் 25 அளவுக்கு இறங்கியது. ஊரே ஆய்வின் கூட்டாளியாக இருந்ததால் வந்த பலன் இது.

நமக்கு வழி தெரியாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கலைக்குழுக்களோடு ஊர் ஊராகப் போன மாநிலம் இது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மே 1. தொழிலாளர் நாள், கத்திரி வெயிலுக்குச் சில நாள் முன்பு. வெப்பம் பற்றிய ஆய்வு முடிவை வாசிக்க இதைவிடப் பொருத்தமான நாள் ஏது? வாசித்தபின் பணிநேரத்தை விடியற்காலைக்கு மாற்றக் கோரித் தீர்மானம் போடலாம். ஆய்வாளர் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். ‘எங்க ஊருக்கு என்ன செய்யப்போறீங்க?’ என்றும் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. ‘இந்த ஊரில் கிட்னி வியாதி’ என்று பெயர் பரவினால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள். பொது முடிவைச் சபையில் சொல்லலாம். தனி ஒருவரின் பரிசோதனை முடிவை அவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். எந்த ஊரின் பெயர் அச்சில் வரலாம் என்பதை அந்த ஊரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

‘இதற்கெல்லாம் நிதி இல்லை’ என்பார்கள். உண்மைதான், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. திட்ட மதிப்பீட்டில் ரத்த மாதிரிக் குழாய்க்கும் கணினிக்கும் தொகை எழுதுகிற இடத்திலேயே, முடிவைத் தமிழில் கொண்டுசேர்க்கவும் ஒரு தொகை எழுத வேண்டும். அது இல்லாத ஆய்வுக்கு அனுமதி இல்லை என்று நெறிக்குழுக்கள் சொல்லட்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் பல்கலைக்கழகங்கள் இதையும் எண்ணட்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டுக்கு யாராவது ஆய்வுப் படிவத்தோடு வந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: முடிவை எப்போது, எங்கே வந்து எங்களிடம் தமிழில் சொல்வீர்கள்? பதிலைப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.