பிள்ளைக்குப் பொய்யைக் கட்டிக் கொடுக்காதீர்



நெல்லிக்குப்பத்திலிருந்து வளைகுடாவுக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெட்டி கட்டித் தருகிறோம். கண்ணீரோடு துஆ செய்கிறோம். கூடவே ஒரு பொய்யையும் கற்றுத் தருகிறோம்: "இமிக்ரேஷனில் கேட்டால், மாமாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்."

பத்தாம் வகுப்புத் தேறாதவர்க்குப் பெரும்பாலும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டே கிடைக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குச் செல்ல முன் அனுமதி பெற வேண்டும். சுற்றிப் பார்க்கச் செல்பவர்க்கு அது தேவையில்லை. இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்: "விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்."

அந்தப் பொய்யால் நாம் இழப்பது என்ன? முறையாக அனுமதி பெற்றவரின் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பவை அரசின் பதிவில் ஏறுகின்றன. விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. பொய் சொல்லிப் போனவர்க்கோ, சம்பளம் மறுக்கப்பட்டால் எடுத்துக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. விசாக் காலம் முடிந்ததும் அந்நாட்டுச் சட்டத்தின் முன் அவரே குற்றவாளி.

"படித்தவரை விட்டுவிட்டு ஏழையைத்தானே மறிக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் பகுதி என்று மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே கூறிவிட்டது. பதிவில்லாமல் ஆள் அனுப்பும் தரகருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய் வரையிலான கட்டணமும் அதற்குரிய வரியும் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. ஆனால் சோதனை மேசையின் முன் வியர்த்து நிற்பவர் தரகர் அல்லர். தாயின் நகையை அடகு வைத்து வந்த பிள்ளை. சோதனை விமான நிலைய வாசலில் அன்று, தரகரின் வாசலில் தொடங்க வேண்டும் என்று உரக்கக் கேட்போம். எனினும் அநீதிக்கு மருந்து பொய் ஆகாது. அந்தப் பொய் தரகரைத்தான் காப்பாற்றுகிறது, பிள்ளையை அல்ல.

வணிகராய் வாழ்ந்த நம் நபி (ஸல்) அவர்களை மக்கள் அல்அமீன் என்று அழைத்தனர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவது பற்றியே பேசுகிறது. அதை ஓதும் நாம், எழுத்தே இல்லாத வாக்கை நம்பி, வட்டிக்குக் கடன் வாங்கித் தரகர் கையில் கொடுப்பது எவ்வாறு தகும்?

ஜமாஅத்துகள் இதைக் கையிலெடுக்கட்டும். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஒரு மேசை போதும். படித்த இளைஞர் இருவர் அமர்ந்து, தரகரின் பதிவு எண்ணை அரசின் இமைக்ரேட் தளத்தில் சரிபார்த்து, ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லட்டும். ஐயமிருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தை நாடட்டும். பணம் கைமாறும் முன் இது நடக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் உண்மை சொல்லிப் புறப்பட்டு, ஹலாலான சம்பாத்தியத்தோடு நலமாய்த் திரும்ப அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.