செம்புக் கம்பெனியின் லாபக் கணக்கு

ஒரு கம்பெனி நன்றாய் நடக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்க உலகத்தில் ஒரே அளவுகோல்தான் இருந்து வருகிறது. அதாவது வருஷக் கடைசியில் பங்குக்காரர்களுக்கு எவ்வளவு லாபம் பங்கிடப்பட்டது என்பதேயாகும். அந்த அளவுகோலின்படி பார்த்தால், பப்புவா நியூகினியைச் சேர்ந்த பூகன்வில் தீவில், பாங்குனா மலையில் 1972 முதல் 1989 வரை செம்பு தோண்டிய கம்பெனியைப் போல் கெட்டிக்காரக் கம்பெனி வேறில்லை. 17 வருஷத்தில் சுமார் 30 லட்சம் டன் செம்பும், 300 டன்னுக்கு மேல் தங்கமும் எடுத்தார்கள். முழு வருஷம் வேலை நடந்த முதல் வருஷமாகிய 1973லேயே லாபம் கொட்டின கொட்டைக் கண்டு, சர்க்கார் மறு வருஷமே ஒப்பந்தத்தைத் திருத்தி வரியை உயர்த்திற்று. பங்கில் பாதிக்கு மேல் ரியோ டின்டோ கூட்டத்தாருடையது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சர்க்காருடையது.

சரி, மலை யாருடையது? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

அத்தீவில் பெரும்பாலும் நிலம் தாய்வழியாகவே இறங்கி வருவது. பெண்ணுக்குச் சொத்து ஏது என்று சாஸ்திரம் பேசி வந்த நம்மவர்களுக்கு இது வேடிக்கையாயிருக்கலாம். ஆனால் அப்போது ஆண்டுவந்த ஆஸ்திரேலியர்களின் சட்டமோ, மேல் மண் உங்களுடையது, அடியிலுள்ள உலோகம் சர்க்காருடையது என்று சொல்லிவிட்டது. மாடு உன்னுடையது, பால் என்னுடையது என்பது போல! 1969 ஆகஸ்டில் ரொரோவானா கிராமத்துப் பெண்கள், நிலம் அளக்க வந்தவர்கள் நட்ட முளைகளைப் பிடுங்கினார்கள். கிடைத்தது தடியடியும் கண்ணீர்ப் புகையுந்தான்.

சரக்கின் விலையில் நூற்றுக்கு ஒன்றேகால் ராயல்டி. அந்த ராயல்டியில் நூற்றுக்கு 5 நிலத்துக்காரருக்கு. இதைக்கூட 1966ல் பால் லாப்புன் என்ற அத்தீவின் பிரதிநிதி சட்டசபையில் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 1600 ரூபாய்ச் சரக்கு மலையை விட்டுப் போனால் மலைக்காரிக்கு ஒரு ரூபாய்! நஷ்டஈடு முதலியவைகளைச் சேர்த்தாலுங்கூட, பங்கிடப்பட்ட தொகையில் நிலத்துக்காரருக்குச் சேர்ந்தது நூற்றுக்கு ஒன்றைச் சுற்றித்தான். அறுபதுக்கு மேல் தலைநகர் சர்க்காருக்குப் போய்ச் சேர்ந்தது. பங்கும் வரியும் ராயல்டியும் வாங்குகிற சர்க்காரிடம் கம்பெனியின் மேல் பிராது கொடுத்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும்?

இதற்கிடையில் கவெராங், ஜாபா ஆறுகளில் 100 கோடி டன்னுக்கு மேல் கழிவு தள்ளப்பட்டது. மீனும் தோட்டமும் போயின. இதை எந்த வருஷத்துக் கணக்கில் செலவாக எழுதினார்கள்?

1988ல் பிரான்சிஸ் ஓனாவும் வாலிபர்களும் மின்கம்பக் கோபுரங்களைத் தகர்த்தார்கள். 1989 மே 15ல் சுரங்கம் மூடப்பட்டது. பின் ஏறக்குறையப் பத்து வருஷ யுத்தம், ஆயிரக்கணக்கான சாவு. 2016ல் ரியோ டின்டோ தன் பங்கையெல்லாம் இலவசமாய் விட்டுக்கொடுத்து, அந்தக் காலத்துச் சட்டப்படிதான் நடந்தோம் என்று கையைக் கழுவிற்று. லாபம் இருந்தவரை பங்கு. ஆறு நாசமான பிறகு தர்மம்!

கழிவின் கேடு இன்னும் உயிருக்கு ஆபத்தாயிருக்கிறதென்று 2024 டிசம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை சொல்லிற்று. அதே 2024ல்தான் அந்த மலையைச் சோதித்துப் பார்க்கும் உரிமமும் ஐந்து வருஷத்திற்குப் புதுப்பிக்கப்பட்டது. மறுபடி திறப்பதா வேண்டாமா என்பது அத்தீவார் தீர்மானிக்க வேண்டிய காரியம். ஆனால் புதுக் கணக்குப் புத்தகம் போடுமுன், பழைய புத்தகத்தில் எழுதாமல் விட்ட ஜாபா ஆற்றை அதில் முதல் பற்றாக எழுதச் சம்மதிப்பார்களா?