விண்ணப்பத்தில் யாரை எழுதுவது?

நெல்லித்தோப்பிலே கணினியில் எழுத்தடித்துக் கொடுக்கும் சிறு கடையொன்றுண்டு. ஓர் அச்சகத்திற்குப் பிழைதிருத்துவோர் தேவையெனக் கேள்வியுற்று, தகுதிக் குறிப்பொன்று எழுதுவிக்க அங்குச் சென்றேன். கடைக்காரர் என் பெயர், பிறந்த நாள், தேர்வுகள் ஆகியவற்றை மட்டுமே வினவினார். கடின உழைப்பு, தலைமைப் பண்பு, கிரிக்கெட் ஆர்வம் ஆகிய யாவும் அவரிடம் முன்னரே ஆயத்தமாயிருந்தன. தந்தையார் நோயுற்றபோது யான் படிப்பை நிறுத்தி, ஓராண்டு மளிகைக் கடையிற் கணக்கெழுதியதைச் சொன்னேன். "அதெல்லாம் எழுதாதே, தம்பி, ஒரு வருஷம் எங்கே போனான் என்று கேட்பார்கள்" என்றார். யானும் இசைந்தேன். வீடு சேர்ந்து அத்தாளைப் படித்தபோது அதிலிருந்தவன் யானல்லன். என் பெயரை நீக்கி எதிர்வீட்டு நண்பன் பெயரை இட்டாலும் பொருந்தும்.

நண்பர்காள்! இங்ஙனம் எழுதுதல் முறையன்று; பயனுடையதுமன்று. இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1912 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுத்தர் பணி வேண்டி விண்ணப்பித்தார். எப்.ஏ. தேறாதவர். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை பயின்று இடர்களால் மேலே தொடர இயலாமற் போனதையும், பின்னர்த் தம் காலமெல்லாம் கணிதத்திலே செலவானதையும் சில வரிகளில் உரைத்தார். கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சான்றும் அவருக்குத் துணைநின்றது. மார்ச் 1 ஆம் நாள், திங்கள் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். அவரே சீனிவாச இராமானுஜன்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதியபோதும், ஆண்டுக்கு 20 பவுன் பெறும் எழுத்தர் என்றே தொடங்கினார். பல்கலைக்கழகக் கல்வி இன்மையை மறைத்திலர். (வயதை மட்டும் ஏறத்தாழ 23 என்றார், 25 நிறைந்திருந்தது. அது கிடக்க.) புகழ்ச்சொற்களை நம்பியிராது, தாம் கண்ட தேற்றங்களைத் தாள்தாளாக இணைத்தனுப்பினார்.

"இராமானுஜன் எங்கே, நாம் எங்கே?" என்று நகைப்பீர்கள். மெய்யே. ஆயின் அத்தகைய மேதைக்கே தம் செயலைக் காட்ட வேண்டியிருந்ததெனின், நாம் வெறும் பண்புப்பெயர்களை அடுக்கி யாது பெறுவோம்? இலக்கணம் பயில்வோன் வாய்பாட்டிற் கூறின், தகுதிக் குறிப்புக்கு வேண்டுவன வினைமுற்றுக்கள், அவையும் இறந்தகாலத்தன. பிழைதிருத்தும் பணிக்குக் கிரிக்கெட் எற்றுக்கு?

அன்றிரவே வேறு தாளெடுத்து எழுதினேன். மளிகைக் கடைக் கணக்கு இரண்டாம் வரியில் நிற்கின்றது. பிழை காணப் பழகியது அங்கேதான். சென்ற ஆண்டு மலருக்காக யான் திருத்திய அச்சுப்படிகள் இரண்டையும் இணைத்தேன். அச்சகத்தாரிடமிருந்து இன்னும் விடை வரவில்லை.