கைநாட்டுக்கும் கணக்கு உண்டு

வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்க அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் புகைப்படமும் வேண்டும். ஆதார், வாக்காளர் அட்டை ஆகியவற்றோடு நூறு நாள் வேலை அட்டையும் ரிசர்வ் வங்கி ஏற்கும் ஆவணமே. திருவாதவூர் போன்ற மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இது கைகொடுக்கும். பான் அட்டை இல்லாதவர் படிவம் 60 தரலாம்.

சான்றே இல்லாதவருக்கும் வழி உண்டு. வங்கி அதிகாரி முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயையும், ஆண்டு வரவு 1 லட்சத்தையும், மாதம் எடுப்பது 10,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. முதலில் 12 மாதம் செல்லும். ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் மேலும் 12 மாதம். 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் குறைந்தபட்ச இருப்பும் கேட்பதில்லை.

2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது; கணவர் கணக்கை நம்பியிருந்த காலம் போயிற்று. குதிரை வாங்கத் தந்த பணத்துக்குப் பாண்டியன் கணக்குக் கேட்ட மாணிக்கவாசகரின் ஊரான திருவாதவூரில், விண்ணப்பத்தின் வாரிசு நியமனக் கட்டத்தை வெறுமையாக விடுவது பொருந்தாது. கணக்குதாரர் இறந்தால் சான்றிதழ்களுக்காக அலைவது குடும்பம்தான்.