இன்ஹேலர் எடுக்க வெட்கம் எதற்கு?



பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடிக்கு அருகே இருக்கிறது நூம்பல். பகலில் லாரிப் புகை, புது வீடுகள் கட்டும் தூசி. மாலையானால் கொசுவர்த்திப் புகை. அங்கே எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இழுப்பு வந்து எழுந்து உட்காருகிறாள். பையில் இன்ஹேலர் இருக்கிறது; ஆனால் வகுப்பில் அதை எடுக்க வெட்கம். "பழகினால் விடாது" என்று பாட்டி வேறு சொல்லியிருக்கிறார். இந்த வெட்கமும் அச்சமும் வேண்டாதவை என்பதே என் கருத்து.

ஆஸ்துமா பலவீனத்தால் வருவதன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உடலின் காவல்படை ஆளை மாற்றி அடிப்பதால் வருகிறது. தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் துகள் மூச்சுக்குழலுக்குள் போகிறது. 'டி' உதவிச் செல்கள் அதை எதிரி என்று கருதி, இண்டர்லியூகின் என்னும் இரசாயனச் செய்திகளை அனுப்புகின்றன. 4, 13 என்ற எண் கொண்டவை 'பி' செல்களிடம் 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கச் சொல்கின்றன. இந்த எதிர்ப்பொருளை 1966-இல் அடையாளம் காட்டியவர்கள், அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே, டெருகோ இஷிசாகா.

ஐஜிஇ மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே தூசி மறுபடி வந்ததும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் குழல் சுருங்குகிறது; சளி சுரக்கிறது. கதை அத்தோடு முடிவதில்லை. இண்டர்லியூகின் 5-இன் அழைப்பைக் கேட்டு ஈசினோஃபில் அணுக்கள் வந்து குவிகின்றன. இழுப்பு நின்ற பிறகும் குழலின் உட்புறம் வீங்கியே இருக்கும்.

இப்போது இன்ஹேலருக்கு வருவோம். சால்புட்டமால் சுருங்கிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். வீக்கத்தை உண்டாக்கும் செய்திகளை அடக்குவது ஸ்டீராய்டு இன்ஹேலர். ஆகவேதான் "இன்று நன்றாக இருக்கிறேனே" என்று அதை நிறுத்தக்கூடாது. அது போதைப் பழக்கமன்று. பக்க விளைவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. உயர வளர்ச்சி சிறிதளவு குறையலாம். அதனால்தான் மருத்துவர் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் அடக்காத ஆஸ்துமா உயிரையே பறிக்கக்கூடும். அளவையும் பாருங்கள்: சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து, இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், அதாவது 40-இல் ஒரு பங்கு. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் அதுவே போதுகிறது.

மருந்து மட்டும் போதுமா? ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு கூறியது. கொசுவலை கட்டலாமே! தலையணை உறையை வெந்நீரில் துவைக்கலாமே!

ஆசிரியர்களே, இன்ஹேலர் அலமாரியில் பூட்டி வைக்கும் பொருளன்று. மாணவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நண்பர்களே, கண்ணாடி அணிந்தவரை நாம் கேலி செய்வதில்லை அல்லவா? பக்கத்து பெஞ்சில் ஒருவர் இன்ஹேலரை எடுத்தால், சற்று நகர்ந்து இடம் விடுங்கள்.